மூச்சு கேட்கும் தூரம்

துரோன்ஹெய்ம்
11 அக்டோபர் 1987

அண்ணிக்கு,

தோர்டிஸ் எழுதுவது. நல்லபடியாக வந்து சேர்ந்தேன். ரயிலில் ஜன்னலோரம் இடம் கிடைத்தும் பயனில்லை, வழி முழுக்க மழை. ஆஸ்பத்திரியில் நாலு பேர் இருக்கும் அறையில் போட்டிருக்கிறார்கள். பக்கத்துக் கட்டில் அம்மாள் நாள் முழுக்கக் குழந்தை ஸ்வெட்டர் பின்னுகிறாள். யாருக்கு என்று கேட்டேன். "இன்னும் தெரியல. யாராவது பொறக்காமயா போயிடுவாங்க?" என்றாள்.

போன் செய்யாமல் ஏன் கடிதம் என்று நினைப்பீர்கள். மீன் கொட்டகையில் இயந்திரச் சத்தத்துக்கு மேல் கேட்ட குரல் என்னுடையது. இப்போது அது தகரத்தில் உப்புத்தாளை உரசுகிற மாதிரி இருக்கிறது. அதைக் கேட்டால் உங்கள் முகம் மாறும். அந்த முகத்தை ரூனா பார்ப்பாள். காது கேட்காத பிள்ளைக்கு மற்றவர்கள் முகம்தான் செய்தித்தாள்.

சோதனை எல்லாம் முடிந்தது. கட்டிதான். குரல்வளையை முழுசாக எடுத்துவிட வேண்டும் என்கிறார் டாக்டர். எடுத்தால் கழுத்தில் ஓட்டை போட்டு அந்த வழியாகத்தான் மூச்சு விடவேண்டும். பேச்சு இருக்காது. எடுக்காவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டேன். அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார்.

நான் இன்னும் சரி என்று சொல்லவில்லை. ரூனா பிறந்ததிலிருந்து அவள் இடது காதில் வாயை வைத்து ஒவ்வொரு சொல்லாக ஊட்டியவள் நான். 'பால்' என்ற ஒரு சொல்லுக்கு ஒரு குளிர்காலமே ஆயிற்று. இந்த உலகத்தில் அவளுக்குத் தெரிந்த குரல் என்னுடையது ஒன்றுதான். அதை வெட்டிக் கொடுத்துவிட்டு நான் அவள் எதிரில் போய் எதற்கு உட்கார வேண்டும்?

அவளிடம் ஒன்றும் சொல்லாதீர்கள். தொண்டைக் கமறலுக்கு வைத்தியம் என்று சொல்லிவிட்டு வந்தேன். அதுவே இருக்கட்டும். உங்கள் தம்பிக்கு நான் எழுதிக்கொள்கிறேன். ஹால்வரின் கப்பல் இப்போது வடக்கே எங்கோ இருக்கிறது, கிறிஸ்துமஸ் நெருங்கும்வரை அவரால் கரைக்கு வரமுடியாது.

இன்னொன்று. ரூனாவுக்குக் கேட்கவேண்டும் என்று நீங்கள் வரவழைத்த அந்த மைக். நான் கிளம்புவதற்கு முன்பே அது தபாலில் வந்துவிட்டது என்றும், நான் படகேறட்டும் என்று அலமாரியில் வைத்துக் காத்திருந்தீர்கள் என்றும் எனக்குத் தெரியும். வேண்டாம் என்று நான் சொன்னது உங்களுக்கும் தெரியும். நெஞ்சில் பெட்டியைக் கட்டி, ஒயர் தொங்கத் தொங்க, பள்ளிக்கூடத்தில் அவளை ஒரு வேடிக்கைப் பொருளாக நிற்கவைக்காதீர்கள். இவ்வளவு நாள் மற்ற பிள்ளைகள் போலத்தான் இருந்தாள்.

இரவில் அவள் காது மெஷின்களை ஈரம் படாத இடத்தில் வையுங்கள். மீன் எண்ணெய் குடிக்க அடம்பிடித்தால் மூக்கைப் பிடியுங்கள்.

தோர்டிஸ்


லாங்ஸ்கேர் தீவு
19 அக்டோபர் 1987

அன்புள்ள தோர்டிஸ்,

ஆமாம், காத்திருந்தேன். நீ இருந்திருந்தால் விட்டிருக்க மாட்டாய். என்னைத் திட்டிக்கொள், பரவாயில்லை. ஆனால் அவள் மற்ற பிள்ளைகள் போல இருந்தாள் என்று மட்டும் சொல்லாதே. மூன்று வருடமாக அவளுக்கு வகுப்பு எடுக்கிறேன். மற்ற பிள்ளைகள் சிரிக்கும்போது யாராவது முதலில் சிரிக்கிறார்களா என்று பார்த்து அப்புறம் சிரிப்பாள். அதைத்தான் நீ 'மற்ற பிள்ளைகள் போல' என்கிறாய்.

நடந்ததைச் சொல்கிறேன். மைக் என் கழுத்தில் தொங்குகிறது. பெட்டி அவள் நெஞ்சில். அதிலிருந்து இரண்டு காது மெஷினுக்கும் ஒயர் போகிறது. நான் கரும்பலகையிடம் நின்று பேசினாலும் அவள் காதுக்குள் நின்று பேசுகிற மாதிரி. முதல் நாள் நான் வணக்கம் சொன்னதும் அவள் திரும்பித் தன் முதுகுக்குப் பின்னால் பார்த்தாள். பிறகு என்னையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில், "அத்தை, நீங்க எச்சி முழுங்கறது கேக்குது" என்றாள். வகுப்பு முழுக்கச் சிரித்தது. அவளும் சிரித்தாள், யாரையும் பார்க்காமல்.

வகுப்பில் ஸ்வெர்ரே கேலி செய்வான் என்று பயந்தாய் அல்லவா? மைக்கைக் கேட்டு வாங்கி அதில் பெரிதாக ஏப்பம் விட்டான். நான் அவனை மூலையில் நிறுத்தப் போனேன். ரூனா என் கையைப் பிடித்துக்கொண்டு, "இன்னொரு தடவ விடச் சொல்லுங்க" என்றாள். அவள் கேட்ட முதல் ஏப்பமாம். இப்போது யார் பதில் சொன்னாலும் மைக்கை வாங்கிப் பேசவேண்டும் என்று ஸ்வெர்ரே தானே ஒரு சட்டம் போட்டிருக்கிறான். லைலா மட்டும் அதில் ரகசியம் சொல்கிறாள். என்ன ரகசியம் என்று எனக்குச் சொல்ல மாட்டேன் என்கிறார்கள்.

சொல்வதை எழுதும் பாடத்தில் அவள் எப்போதும் சொல்லின் வாலை விட்டுவிடுவாள். 'படகுகள்' என்றால் 'படகு'. கவனக்குறைவு என்று நானும் சிவப்பு மையால் சுழித்துக்கொண்டிருந்தேன். வெள்ளிக்கிழமை 'படகுகள்' என்று முழுசாக எழுதினாள். எழுதிவிட்டு நிமிர்ந்து கேட்டாள்: "அத்தை, கடைசில எப்பவுமே இது இருந்துச்சா?"

நான் போய் ஜன்னலைத் திறந்து வைத்தேன், குளிரில். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

உன் விஷயத்துக்கு வருகிறேன். கையெழுத்துப் போடு, தோர்டிஸ். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? அப்புறம் இந்தப் பொய். "அம்மா தொண்டை சரியாயிடுச்சா?" என்று தினமும் கேட்கிறாள். முன்பெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டால் தப்பிக்கலாம். இப்போது குரலையும் படிக்கிறாள். நேற்று, "அம்மாவப் பத்திக் கேட்டா மட்டும் உங்க குரல் சின்னதாயிடுது" என்றாள். எத்தனை நாள் இதைச் செய்ய முடியும் என்னால்?

குத்ருன்


துரோன்ஹெய்ம்
27 அக்டோபர் 1987

அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தைப் பின்னுகிற அம்மாளுக்குப் படித்துக் காட்டினேன். ஏப்பத்துக்கு அவள் சிரித்தாள். 'படகுகள்' வந்த இடத்தில் என்னால் மேலே படிக்க முடியவில்லை. தொண்டையால் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

உங்களுக்குச் சந்தோஷம்தானே? ஒன்பது வருடம் நான் வாய் வலிக்க வலிக்க ஊட்டியதை உங்கள் பெட்டி இரண்டு வாரத்தில் செய்துவிட்டது. 'படகுகள்' என்று நான் எத்தனை தரம் சொல்லியிருப்பேன்? துறைமுகத்தில் நின்று, ஒவ்வொரு படகாகக் கையைக் காட்டி. அந்தக் 'கள்' அவளுக்குப் போய்ச் சேரவே இல்லை என்பது இப்போதுதான் எனக்குத் தெரிகிறது. நான் சொன்னதில் இன்னும் எதுவெல்லாம் போய்ச் சேரவில்லையோ.

இப்படி எழுதுவது அசிங்கம் என்று தெரியும். பிள்ளைக்கு நல்லது நடந்தால் தாய் மகிழவேண்டும். மகிழ்கிறேன். ஆனாலும் உங்கள் குரல் அவள் காதுக்குள் இருக்கிறது, நான் இங்கே இருக்கிறேன். இரண்டையும் சேர்த்து நினைத்தால் சாப்பாடு இறங்கவில்லை. அது கட்டியாலும் இருக்கலாம்.

ஆபரேஷன் வேண்டாம் என்று டாக்டரிடம் சொல்லிவிட்டேன். கதிர்வீச்சு வைத்தியம் மட்டும் கொஞ்சம் பார்க்கலாம் என்றேன். அவருக்குப் பிடிக்கவில்லை. கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்கு வருகிறேன். எவ்வளவு காலம் இருக்கிறேனோ அவ்வளவு காலம் பேசிக்கொண்டு இருக்கிறேன். இது என் கழுத்து, அண்ணி.

ஹால்வரைப் பிடிக்க முடியாததால் உறவினர் என்ற இடத்தில் பள்ளிக்கூடத்து எண்ணைக் கொடுத்திருக்கிறேன். டாக்டர் உங்களைக் கூப்பிட்டாலும் கூப்பிடுவார். என்னை மாற்றச் சொல்லிக் கேட்பார். மாற்ற முடியாது என்று சொல்லிவிடுங்கள். ரூனாவுக்கு ஒன்றும் தெரியவேண்டாம்.

தோர்டிஸ்


லாங்ஸ்கேர் தீவு
5 நவம்பர் 1987

தோர்டிஸ்,

இன்று நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். நீ இதை வேறு யார் மூலமாகவும் கேட்கக் கூடாது.

இடைவேளையில் போன் வந்தது. பிள்ளைகள் எல்லாம் வெளியே. ரூனாவும் லைலாவும் கயிறு தாண்டிக்கொண்டிருந்தார்கள். ஆசிரியர் அறையில் நான் தனியாக இருந்தேன். உன் டாக்டர் நல்ல மனிதர், மெதுவாகப் பேசினார். லைன் கரகரவென்று இருந்தது. அவர் சொன்னதைச் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பார்க்க ஒவ்வொன்றையும் திருப்பிச் சொன்னேன், சத்தமாக.

"அப்போ குரல எடுக்கலேன்னா அடுத்த கோடை வரைக்கும்கூட இருக்க மாட்டாளா?" என்று கேட்டேன். பிறகு, "அவ சம்மதிக்க மாட்டேங்கறா டாக்டர். பேச்சு போயிட்டா பொண்ணோட ஒட்டே இல்லாமப் போயிடும்னு பயப்படறா. செத்தாலும் பரவாயில்லன்னு இருக்கா" என்றேன்.

பேசிக்கொண்டே ஜன்னல் வழியாகப் பார்த்தேன். லைலாவும் இன்னொரு பெண்ணும் கயிற்றைச் சுற்றிக்கொண்டே இருந்தார்கள். நடுவில் ரூனா தாண்டாமல் நின்றாள். கயிறு அவள் காலில் பட்டுப் பட்டு விழுந்தது. ஒரு கையை நெஞ்சுப் பெட்டிமேல் வைத்துக்கொண்டு என் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் என் கழுத்தைத் தொட்டுப் பார்த்தேன். மைக்கின் சின்ன சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

நான் வெளியே ஓடினேன். அதற்குள் மணி அடித்துவிட்டது. அவள் வரிசையில் நின்று உள்ளே வந்தாள். கணக்கு எல்லாவற்றையும் சரியாகப் போட்டாள். எல்லோரும் போனபின் என் மேஜைக்கு வந்து கேட்டாள். "அம்மா குரலை எடுத்து எங்க வெப்பாங்க?"

என்னால் பொய் சொல்ல முடியவில்லை. மைக்கைக் கழற்றி வைத்துவிட்டு, அவளை மடியில் உட்காரவைத்து, நீ செய்வது போல இடது காதில் வாயை வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அழவில்லை. "பனிக்குல்லாவ விட்டுட்டுப் போயிட்டா அம்மா. அங்க குளிராதா?" என்று மட்டும் கேட்டாள்.

குத்ருன்


துரோன்ஹெய்ம்
10 நவம்பர் 1987

அண்ணி,

ஒரே ஒரு காரியம் கேட்டேன் உங்களிடம்.

மைக்கை நான் வேண்டாம் என்றபோது, 'பழைய காலத்து ஆள் மாதிரி பேசாதே' என்று என் சமையலறையில் நின்று சொன்னீர்கள். இப்போது உங்கள் புதுக்காலம் என் பிள்ளைக்கு முதலில் தெளிவாகச் சொன்ன செய்தி இதுதான்.

இனி எனக்கு எழுத வேண்டாம். ஹால்வர் வந்ததும் ரூனாவை அவர் பார்த்துக்கொள்வார்.

தோ.


லாங்ஸ்கேர் தீவு
17 நவம்பர் 1987

தோர்டிஸ்,

எழுத வேண்டாம் என்றாய். எழுதுகிறேன். கிழித்துப் போடுவதானால் கடைசிப் பக்கத்தை மட்டும் படித்துவிட்டுக் கிழி.

ரூனா பெட்டியைக் கழற்றிவிட்டாள். மறுநாளே என் மேஜையில் கொண்டுவந்து வைத்தாள், ஒயரை அழகாகச் சுற்றி. "வேணாம். இதுல கெட்ட சேதி வருது" என்றாள். நான் வற்புறுத்தவில்லை. இப்போது பழையபடி கடைசி பெஞ்சில் உட்கார்ந்து மற்றவர்கள் வாயைப் பார்க்கிறாள். 'படகுகள்' மறுபடியும் 'படகு' ஆகிவிட்டது. ஸ்வெர்ரே பழக்கதோஷத்தில் இன்னமும் மைக்கைக் கேட்கிறான். கொடுத்தால், அவள் கேட்காத பதிலை அதில் சொல்லிவிட்டு உட்காருகிறான். அவனைத் திருத்த எனக்கு மனம் வரவில்லை.

வீட்டில் இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறோம். ஞாயிற்றுக்கிழமை உருளைக்கிழங்கும் பொரித்த மீனும் செய்தேன். அவள் முள்ளை எடுத்து எடுத்துத் தட்டின் ஓரத்தில் அடுக்கிக்கொண்டிருந்தாள். திடீரென்று, "அம்மா ஏன் ஆபரேஷன் பண்ணிக்க மாட்டேங்கறா?" என்று கேட்டாள்.

"உன்கிட்ட பேசணும்னு அம்மாவுக்கு ஆசை. அதனாலதான்" என்றேன்.

அவளுக்கு வந்த கோபத்தை நான் பார்த்ததே இல்லை. முள்கரண்டியைத் தட்டில் போட்டாள்.

"எனக்குத்தான் காதே சரியாக் கேக்காதே. அப்புறம் எதுக்கு அம்மாவுக்குக் குரல்? யாருக்காக வெச்சிக்கப் போறாளாம்?"

இதை உனக்குச் சொல்லவேண்டும் என்று அவள் சொல்லவில்லை. நானாக எழுதுகிறேன். உன்னை மாற்றச் சொல்லி டாக்டரும் நானும் பேசியதெல்லாம் இதற்கு முன்னால் எந்த மூலைக்கு?

அவளுக்கு உன் ஞாபகம் அதிகமாகும்போது உன் பழைய கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு தூங்குகிறாள். சட்டைக் கை அவள் முழங்காலுக்குக் கீழே தொங்குகிறது.

குத்ருன்


துரோன்ஹெய்ம்
23 நவம்பர் 1987

அண்ணிக்கு,

அவள் கேட்ட கேள்வியைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் இப்போது இருமல் வருகிறது, நர்ஸ் ஓடி வந்துவிட்டாள். நல்லா கேட்டாள் பாருங்கள். இந்த வாய் யாருடையது? உங்கள் குடும்பத்தில் இப்படி வாய் யாருக்கும் கிடையாது, அது என்னிடமிருந்து போனது. அந்த அளவுக்காவது நான் ஊட்டியது போய்ச் சேர்ந்திருக்கிறது.

கையெழுத்துப் போட்டுவிட்டேன். ஆபரேஷன் டிசம்பர் மூன்றாம் தேதி காலையில். இதற்குமேல் தள்ளக் கூடாது என்கிறார்கள்.

ஒரு உதவி. ரூனாவை முந்தின நாளே இங்கே அழைத்து வாருங்கள். அந்த மைக்கையும் பெட்டியையும் எடுத்து வாருங்கள். வரமாட்டேன், போட்டுக்கொள்ள மாட்டேன் என்பாள். அம்மா கேட்டாள் என்று சொல்லுங்கள்.

நீங்கள் எச்சில் விழுங்குவதுவரை அவளுக்குக் கேட்டிருக்கிறது. என் குரலை அவள் ஒரு தடவையாவது முழுசாகக் கேட்கவேண்டும், வாலோடு. கரகரப்பாகத்தான் இருக்கிறது. இருக்கட்டும். ஒரு சாயங்காலம் முழுக்கப் பேசுவேன். என்ன பேசுவது என்று யோசித்து யோசித்துப் பார்க்கிறேன், பெரிதாக ஒன்றும் வரவில்லை. சாப்பிட்டாயா, சாக்ஸ் ஈரமாக இருக்கிறதா, லைலா என்ன ரகசியம் சொன்னாள், இதுதான் வருகிறது.

நான் கோபமாக எழுதியதைக் கோபத்தில் எழுதியதாகவே வைத்துக்கொள்ளுங்கள். அது பொய் என்று சொல்ல மாட்டேன். ஆனால் உங்கள் மேல் மட்டும் இருந்த கோபம் இல்லை அது.

பனிக்குல்லாவையும் எடுத்து வாருங்கள். ரூனா சொன்னது சரி, இங்கே குளிர்கிறது.

தோர்டிஸ்


துரோன்ஹெய்ம்
14 டிசம்பர் 1987

அண்ணிக்கு,

படுத்தபடி எழுதுகிறேன், பொறுத்துக்கொண்டு படியுங்கள். இனி எனக்கு எழுத்துதான் வாய். கட்டிலில் ஒரு சிலேட்டு கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள். தண்ணீர் வேண்டும் என்றால்கூட எழுதவேண்டும். பின்னுகிற அம்மாள் கண்ணாடி போட்டுக்கொண்டு, நான் எழுதுவதை எல்லாம் சத்தமாக வாசிக்கிறாள். நான் இப்போது அவள் குரலில் பேசிக்கொண்டிருக்கிறேன்.

புயலுக்கு நீங்கள் என்ன செய்வீர்கள்? படகு வரவில்லை, அவ்வளவுதான். பெட்டியும் படுக்கையுமாகத் துறைமுகத்தில் மத்தியானம்வரை நின்றீர்கள் என்று தபால்காரர் எனக்குத் தந்தி அடித்திருந்தார். ஒரு நாள் தள்ளிவையுங்கள் என்று டாக்டரைக் கெஞ்சினேன். நாள் குறித்தாயிற்று, கட்டி காத்திருக்காது என்றார். அவர்மேலும் கோபமில்லை.

நான் கேட்கவேண்டியது வேறு. அன்று சாயங்காலம் நீங்கள் போன் செய்தீர்கள். மைக்கைப் போனின் காதோடு சேர்த்துப் பிடித்திருக்கிறேன், ரூனா பெட்டியைப் போட்டிருக்கிறாள், பேசு என்றீர்கள். எப்படி இப்படி ஒரு யோசனை தோன்றியது என்று ஆச்சரியப்பட்டேன். நர்ஸ்கள் நிற்கும் இடத்தில், சுவரைப் பார்த்து நின்றுகொண்டு பேசினேன். என்னென்னவோ பேசினேன். அவள் பெயரை நிறையச் சொன்னேன்.

பிறகு மறுமுனையில் ரூனா ஏதோ சொன்னாள். தூரத்தில் கேட்டது, சொல் புரியவில்லை. நீங்கள் போனை வாங்கி, "அழறா, அவளால பேச முடியல" என்றீர்கள்.

அவள் அழும் சத்தம் எனக்குத் தெரியும், அண்ணி. அவள் அழவில்லை. என்ன சொன்னாள்?

அந்த ராத்திரி இதைக் கேட்டிருந்தால் மறுநாள் மேஜையில் படுத்திருக்க மாட்டேனோ என்னவோ. அதனால்தான் நீங்கள் மறைத்தீர்களா? இப்போது சொல்லலாம். இனி எடுக்க ஒன்றும் இல்லை.

தோர்டிஸ்


லாங்ஸ்கேர் தீவு
19 டிசம்பர் 1987

அன்புள்ள தோர்டிஸ்,

இந்தக் கடிதத்தை இரண்டு தடவை எழுதிக் கிழித்தேன். பிள்ளைகளுக்குக் கட்டுரை எழுதச் சொல்லிக்கொடுக்கிறவளுக்கு முதல் வரி வரவில்லை. நேராகச் சொல்லிவிடுகிறேன்.

அவள் சொன்னது இது: "யாரோ ஒரு மாமா பேசறாரு. அம்மா எப்ப பேசுவா?"

"இதுதான் அம்மா" என்றேன். இல்லை என்று தலையாட்டினாள். இன்னும் கொஞ்சம் கேட்டாள். நீ பேசிக்கொண்டே இருந்தாய். "அம்மா இல்ல" என்று சொல்லிவிட்டுப் பெட்டியை அணைத்தாள். நீ அதற்குப் பிறகும் பேசிக்கொண்டிருந்தாய், தோர்டிஸ். நான் மைக்கைப் பிடித்தபடியே நின்றேன். நீ பேசியதைக் கேட்டது நான் மட்டும்தான்.

ஆமாம், அதற்காகத்தான் மறைத்தேன். மறுபடி நேர்ந்தாலும் மறைப்பேன்.

போன் லைன் மோசம், உன் தொண்டையும் மோசம், அதனால்தான் என்று உனக்கும் எனக்கும் சமாதானம் சொல்லிப் பார்த்தேன். பிறகு ஒருநாள் அவளிடமே கேட்டேன். "அம்மா குரல் எப்படி இருக்கும்?"

"சூடா இருக்கும். காதுல வந்து இடிக்கும். காபி வாசனை அடிக்கும்" என்றாள்.

நான் அதோடு விட்டுவிட்டேன். அதில் சத்தத்தைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. ஒன்பது வருடமாக நீ கொடுத்ததும் அவள் வாங்கியதும் வேறு வேறாக இருந்ததோ என்னவோ. எனக்குத் தெரியவில்லை. ஆறுதல் சொல்வதற்காக இதை எழுதவில்லை, அவள் சொன்னதால் எழுதுகிறேன்.

வகுப்பில் பெட்டியை மறுபடி போட்டுக்கொள்கிறாள். நானாகச் சொல்லவில்லை. லைலா அவளிடம் சண்டைக்குப் போனாளாம். "நீ அத மாட்டலேன்னா நான் யார்கிட்ட ரகசியம் சொல்றது? ஊரே கேக்கும்" என்றாளாம்.

ஹால்வர் இருபத்திரண்டாம் தேதி வருகிறான். பண்டிகை முடிந்ததும் அவளை அங்கே அழைத்து வருவான். மைக்கையும் கொடுத்தனுப்புகிறேன். உனக்கு அது எதற்கு என்று கேட்பாய். அங்கே நர்ஸோ டாக்டரோ அவளிடம் ஏதாவது சொல்லவேண்டியிருந்தால் உதவும். ஹால்வருக்கு உரக்கப் பேசத்தான் தெரியும், புரியும்படி பேசத் தெரியாது.

உன் கழுத்தைப் பற்றி அவளுக்கு முன்கூட்டியே சொல்லிவைத்திருக்கிறேன். படம் போட்டும் காட்டினேன். இருந்தாலும் பயப்படலாம். அவள் பக்கத்தில் வர நாளாகும். நீ மனதை விட்டுவிடாதே.

குத்ருன்


துரோன்ஹெய்ம்
11 ஜனவரி 1988

அண்ணிக்கு,

இந்தக் கடிதத்தோடு உங்கள் மைக்கைப் பார்சலில் அனுப்புகிறேன். பஞ்சு சுற்றித்தான் வைத்திருக்கிறேன். தபால் போய்ச் சேரும்வரை ரூனாவுக்குச் சில நாள் பாடம் வீணாகும். குற்றம் என்னுடையது, ஹால்வரைத் திட்டாதீர்கள்.

நீங்கள் சொன்னபடியே ஆயிற்று. அவள் பக்கத்தில் வரவில்லை. வாசற்படியில் நின்று என் முகத்தைப் பார்த்தாள், கழுத்தைப் பார்த்தாள், பிறகு அப்பா பின்னால் போய் நின்றுகொண்டாள். நான் சிலேட்டில் 'சாப்பிட்டாயா' என்று எழுதிக் காட்டினேன். "ம்" என்றாள். டீச்சரிடம் பேசுவது போல.

பேசுவதற்கு ஒரு கருவி கொடுத்திருக்கிறார்கள். கழுத்தோடு அழுத்தி வாயசைத்தால் ரீங்காரமாகப் பேச்சு வரும். ஆசையாக அவள் பெயரைச் சொன்னேன். அவள் காது மெஷினைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "ஈ கத்துது" என்றாள். ஹால்வர் அவளை அதட்டினார். நான் அதை மேஜை இழுப்பறையில் போட்டுவிட்டேன். அவள் இருந்தவரை எடுக்கவில்லை.

இப்படியே இரண்டு மூன்று நாள் போயிற்று. ஒரு மத்தியானம் ஹால்வர் நாற்காலியில் தூங்கிவிட்டார். ரூனா நெஞ்சில் பெட்டியோடு ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தாள். மைக் என் கட்டிலருகே அவள் பையின்மேல் கிடந்தது. நீங்கள் தினமும் சுமக்கிற அது எவ்வளவு கனம் என்று பார்க்க எடுத்தேன். கழுத்தில் மாட்டிப் பார்த்தேன். ஏதோ பொத்தானில் விரல் பட்டிருக்கிறது. வேறு எந்த நினைப்பும் எனக்கு இல்லை.

அவள் பென்சில் நின்றது.

"அப்பா தூங்கறாரு. யாரு மூச்சு விடறது?" என்றாள், திரும்பாமலே.

நான் பயந்துபோய் மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

"நிறுத்தாத" என்றாள்.

நான் மூச்சு விட்டேன், அண்ணி. இப்போது என் மூச்சு மூக்கு வழியாகப் போவதில்லை, அந்த ஓட்டை வழியாகத்தான். கொஞ்சம் சீறல் இருக்கும். சளி இருந்தால் அசிங்கமாகவும் இருக்கும். மைக் அதற்கு நேர் கீழே தொங்கியது. அவள் திரும்பி என் கழுத்தைப் பார்த்தாள். பிறகு கட்டிலருகே வந்து, பெட்டியைக் கையால் பொத்திக்கொண்டு, என் தோளில் காதை வைத்தாள். "இது அம்மா" என்றாள். யாருக்கோ சாட்சி சொல்கிற மாதிரி.

அதற்குப் பிறகு அது ஒரு விளையாட்டாகிவிட்டது. நான் கட்டிலில் இருப்பேன், அவள் நடைக்கூடத்தின் கடைசிவரை போய், திரும்பி நின்று, கேட்டால் கையைத் தூக்குவாள். படிக்கட்டுக் கதவுக்கு அப்பால் போனால் கேட்காதாம். சாப்பாட்டு அறையில் கேட்குமாம். நர்ஸ்கள் எல்லாம் அவளைப் பார்த்துக் கையைத் தூக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். இது பேச்சு இல்லை. இதில் 'சாப்பிட்டாயா' கிடையாது. அவள் ஏதாவது கேட்டால் நான் சிலேட்டைத் தேடி எடுத்து எழுதி முடிப்பதற்குள் அவள் அடுத்த விஷயத்துக்குப் போய்விடுகிறாள். ஒருநாள் கெட்ட கனவு கண்டு, "அம்மா" என்று கூப்பிட்டாள். நான் பக்கத்திலேயே இருந்தும் "இருக்கிறேன்" என்று சொல்ல முடியவில்லை. உங்கள் தம்பிதான் சொன்னார். அந்த ஒரு சொல்லுக்காக நான் என்னவும் கொடுப்பேன்.

கதிர் வைத்தியம் ஈஸ்டர்வரை போகும் என்கிறார்கள். அதற்கப்புறம் என்ன என்று நான் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. அவளுக்குப் பள்ளிக்கூடம் இருக்கிறது, நேற்று கிளம்பிவிட்டார்கள்.

ஸ்டேஷன்வரை போக டாக்டர் அனுமதித்தார். கழுத்தைச் சுற்றித் துணி கட்டி, அதற்குமேல் மைக். ரயில் கிளம்பும்முன் கழற்றிக் கொடுத்திருக்கவேண்டும். ஹால்வர் கை நீட்டினார். நான் கொடுக்கவில்லை. மறந்துவிட்டேன் என்று உங்களிடம் சொல்லச் சொன்னேன். மறக்கவில்லை.

ரூனா ஜன்னல் கண்ணாடியில் மூக்கை வைத்துக்கொண்டு நின்றாள். ரயில் நகர்ந்ததும் ஹால்வர் கண்ணாடியை இறக்கிவிட, கையை வெளியே நீட்டித் தூக்கினாள். நான் நன்றாக, நீளமாக மூச்சு விட்டுக்கொண்டு நின்றேன். கடைசிப் பெட்டி என்னைத் தாண்டிப் போனபோதும் அந்தச் சின்னக் கை மேலேயே இருந்தது. அவள் முகம் தெரியாமல் போனபிறகும் கை தெரிந்தது.

வளைவுக்குப் போகும் முன்பே அது இறங்கிவிட்டது.

நான் இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே மூச்சு விட்டுக்கொண்டு நின்றேன்.

தோர்டிஸ்